முதியோரின் குரலும் ஆராதனையில் ஒலிக்கட்டும்

ஐயா,

கடந்த ஞாயிறு தேவாலய ஆராதனையில், எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மா, துணியில் சுற்றிக் கொண்டுவந்த கீர்த்தனைப் புத்தகத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். பாடல் வரிகள் ஓடிய திரை அவர் கண்ணுக்கு எட்டவில்லை. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனைகளை, ராகமும் தாளமும் பிசகாமல், புத்தகம் பாராமலே பாடக்கூடியவர் அவர். இத்தகைய முதியோரின் வீட்டுக் கதவைக் காணிக்கைக்காக மட்டும் தட்டுவது மிகுந்த வேதனை தருகிறது. வாலிபருக்கு முகாம் நடத்தும் சபைகள், மாதம் ஒரு ஞாயிறாவது முதியோரே பாடலைத் தொடங்கவும், ஓய்வுநாள் பள்ளிப் (ஞாயிறு வேதாகம வகுப்பு) பிள்ளைகளுக்குக் கீர்த்தனைகளைக் கற்றுத்தரவும் வழிசெய்ய வேண்டும். நடமாட இயலாதோருக்கு வீட்டிலேயே திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) வழங்கச் செல்லும் சபை ஆயருடன் இளைஞர் இருவரும் சென்று, அரைமணி நேரம் அமர்ந்து பேசிவரலாம்.

– வாசகர், பாளையங்கோட்டை