விழுந்துவிடுவோம் என்ற அச்சமும் முடங்கும் முதுமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதானவர் ஒருவர் வழுக்கி விழுந்தால் எலும்பு முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறோம். முறியவில்லை என்றதும் நிம்மதி அடைகிறோம். அதன்பின் அவர் மனத்தில் தங்கிவிடும் அச்சத்தை நாம் கணக்கில் கொள்வதேயில்லை.

நெல்லையப்பர் கோவிலுக்கும் மகாராஜ நகர் உழவர் சந்தைக்கும் தாமாகவே நடந்து போய்வந்த ஆச்சிகள், குளியலறையில் ஒருமுறை விழுந்த பிறகு வாசற்படியைத் தாண்டாமல் இருந்துவிடுவதை நம் தெருக்களில் காண்கிறோம். "நீங்க சும்மா இருங்க ஆச்சி, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று பிள்ளைகள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் நடமாட்டம் குறையக் குறையத் தொடைத் தசைகள் தளர்ந்து, உடலின் சமநிலை கெட்டு, எந்த விழுதலுக்கு அஞ்சி உட்கார்ந்தாரோ அதற்கான வாய்ப்பே கூடிவிடுகிறது. ஒருமுறைகூட விழாதவர்களிடமும் இந்த அச்சம் உண்டு.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் முதியோரே மிகுதி. ஆகவே அச்சம் பொய்யானதன்று. தலைசுற்றல், கண்புரை, இரத்த அழுத்த மாத்திரையின் விளைவு ஆகியவற்றை மருத்துவர் பார்த்தே தீர வேண்டும். அதேவேளை, சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகள் விழுதலை ஏறத்தாழ கால் பங்கு குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்பது போன்றவையே அவை. பக்கத்தில் ஒருவர் துணைக்கு இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

"பயமாக இருக்கிறதா?" என்று கேட்டால் நம் பெரியவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டி குழுவினர் 1990இல் வெளியிட்ட வினாப்பட்டியல், குளிப்பது, உடுத்துவது, கடைக்குப் போவது போன்ற அன்றாட வேலைகளை விழாமல் செய்ய முடியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்றே கேட்கிறது. 2021 முதல் நடைமுறையில் உள்ள 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது. அவ்வாறு வருபவர்கள், படுக்கையில் இருப்பவர்களோடு நின்றுவிடாமல், விழுந்து எழுந்து வீட்டுக்குள் ஒடுங்கிவிட்ட முதியோரிடமும் இக்கேள்விகளைக் கேட்டுப் பயிற்சி தொடங்கிவைக்க வேண்டும்.

மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். கடைச் சரக்கும் இருசக்கர வாகனங்களும் அடைத்துக்கொண்ட நடைபாதையில் இளைஞர்களே தடுமாறும்போது, எழுபது வயதானவரை வெளியே நடக்கச் சொல்வது நியாயமாகாது. ரத வீதிகளின் நடைபாதைகளை முதலில் ஒழுங்குபடுத்தி, தாமிரபரணிப் படித்துறைகளில் கைப்பிடிக் கம்பி இல்லாத இடங்களிலெல்லாம் அதை அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.