ஆறாவது எபிசோடைப் பற்றி அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய திரைக்கதையைப் படித்து முடித்துவிட்டேன். "நீதிமன்ற விஷயங்கள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள் அப்பா" என்று எழுதியிருந்தாய். முதலில் அந்த வேலையை முடித்துவிடுகிறேன்.

நம் நாட்டு நீதிபதியின் மேசையில் சுத்தியல் கிடையாது. "ஆர்டர், ஆர்டர்" என்று தட்டுகிற வழக்கமும் இல்லை. அதை எடுத்துவிடு. உன் கதை 2025-ல் நடக்கிறது. அதனால் கொலைக்கு 302 என்று எழுதாதே. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு 103. உன் கதையில் வரும் வயதான ஏட்டு மட்டும் 302 என்றே சொல்லட்டும், அவர்கள் நாக்கு அவ்வளவு சீக்கிரம் மாறாது. மூன்றாவது எபிசோடில் காவல் நிலையத்தில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்தே நீதிபதி தண்டனை கொடுத்துவிடுகிறார். அப்படி நடக்காது. போலீஸிடம் சொன்ன ஒப்புதலைச் சட்டம் சாட்சியமாக ஏற்பதில்லை. அதன்பேரில் கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அதைப் பற்றிய பகுதி மட்டும்தான் செல்லும். வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதிவைத்த விதி அது. அடித்து வாங்கிய ஒப்புதல் எப்படியிருக்கும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

இனி நீ கேட்காதது. ஆறாவது எபிசோடின் முடிவில் உன் இன்ஸ்பெக்டர் ஏரிக்கரையில் அந்தப் பையனைச் சுட்டுக் கொல்கிறார். இறந்த பெண்ணின் தாய் அவரைப் பார்த்துக் கைகூப்புகிறாள். ஓரத்தில் "இங்கே கைதட்டல் விழும்" என்று குறித்திருக்கிறாய். நிச்சயம் விழும். எனக்கு உறுத்துவதும் அதுதான்.

2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே ஓர் இளம் கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். கைதான நால்வரையும் டிசம்பர் 6 விடியற்காலையில் போலீஸ் சுட்டுக் கொன்றது. துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு தாக்க வந்தார்கள் என்று விளக்கம் சொன்னார்கள். மக்கள் போலீஸார்மீது பூத்தூவினார்கள், இனிப்பு ஊட்டினார்கள். வழக்கு விசாரணை என்ற ஒன்று தொடங்கவேயில்லை. பிறகு உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் வெளியானது. போலீஸ் சொன்ன கதை நம்பும்படி இல்லை, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், 10 போலீஸார்மீதும் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது அறிக்கை. கொல்லப்பட்ட நால்வரில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. பூத்தூவியவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்திருப்பார்கள்? அவர்களைக் குறை சொல்லவில்லை. இப்படித்தான் முடிய வேண்டும் என்று அவர்களுக்குப் பல ஆண்டுகளாகத் திரையில் காட்டிவந்திருக்கிறோம். அன்று காலை வந்த செய்தி அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு கடைசிக் காட்சி.

"கதைதானே அப்பா" என்பாய். சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை மறுபடி ஒருமுறை படி. கண்ணகி வழக்குரைப்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் கோவலன் எப்படிச் செத்தான் என்பதை அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். காவலர்கள் அவனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் கொலைக்குரியவன் போலத் தெரியவில்லையே என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் சிரித்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பிக்கிறான். கள்வர்களுக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டுத் துணைகள் உண்டாம். தூதன் வேடத்தில் வாயிலில் காத்திருந்து, பெண் வேடத்தில் இருட்டில் அரண்மனைக்குள் நுழைந்து இளவரசனின் ஆரத்தைத் திருடிய ஒருவனின் கதை வேறு. கேட்டுக்கொண்டிருந்த காவலன் ஒருவன் தனக்கு நேர்ந்ததையும் சேர்த்துச் சொல்கிறான். பேச்சு சூடுபிடிக்கிறது. குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கோவலனிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தயங்கியவர்களின் தயக்கத்தைப் போக்குவதற்கு ஆதாரம் தேவைப்படவில்லை. நல்ல கதைசொல்லி ஒருவன் போதுமாக இருந்தான். உன் தொழிலைப் பற்றி இவ்வளவு கூர்மையாக வேறு எவரும் எழுதி நான் படித்ததில்லை.

இன்றைக்கு அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார். "தப்பியோட முயன்றபோது வழுக்கி விழுந்து கை முறிந்தது" என்று செய்தி வரும்; கீழே மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒரு பையனின் படம் இருக்கும். ஊரே சிரிக்கிறது. காவல் நிலையக் கழிவறையில் கைதானவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டிருக்கிறது. அந்தப் படத்தில் இருப்பவன் அந்தத் திருட்டைச் செய்தவன்தானா என்று யாருக்கும் அந்த நேரத்தில் தெரியாது. நம் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். உன் திரைக்கதையில் சிறை வருகிற எல்லாக் காட்சியிலும் இருப்பவர்கள் கொடூரக் குற்றவாளிகள்.

பத்திரிகையும் இதற்கு விலக்கல்ல. 1959-ல் பம்பாயில் நானாவதி என்ற கடற்படை அதிகாரி தன் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றார். 'பிளிட்ஸ்' வார இதழ் அவரை நாயகனாக்கியது. இதழ் பல மடங்கு விலைக்கு விற்றது. குற்றவாளியா இல்லையா என்று சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்களான ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றமற்றவர் என்றார்கள், ஒருவர் மட்டும் மாறுபட்டார். அமர்வு நீதிபதி அந்த முடிவை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஆயுள் தண்டனை கிடைத்தது, உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது, கடைசியில் ஆளுநர் மன்னித்தார். இந்த வழக்கால்தான் இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்தது என்று எங்கள் காலத்து வக்கீல்கள் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. அதற்கு முந்தைய ஆண்டே சட்ட ஆணையம் ஜூரி முறை வேண்டாமென்று பரிந்துரைத்துவிட்டது. ஆனால் இந்த வழக்கு மக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டது, பரிந்துரை ஒட்டவில்லை.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில், ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்பட்டதையடுத்து எழுந்த கோபத்தில், 1994-ல் ஒரு சட்டம் வந்தது. ஏற்கெனவே இருமுறை கடும் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் மூன்றாவதாக அந்நாட்டுச் சட்டம் 'ஃபெலனி' என்று வகைப்படுத்தும் எந்தக் குற்றத்தைச் செய்தாலும் குறைந்தது 25 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியவருக்கும் அதே தண்டனை. 2003-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அது செல்லும் என்றது. 2012-ல் வாக்காளர்களே அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். இடைப்பட்ட 18 ஆண்டுகள் உள்ளே இருந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? தொலைக்காட்சியை அதிகம் பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளபடியைவிட ஆபத்தானதாக நினைக்கிறார்கள் என்று ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் நெடுங்காலம் சொல்லிவந்தார். பயந்தவர்களின் வாக்கில்தான் சட்டம் பிறக்கிறது.

கதையே எழுதாதே என்று சொல்ல வரவில்லை. சரியாக எழுதப்பட்ட கதை செய்த வேலையை எந்த மனுவும் செய்ததில்லை. 1910-ல் லண்டனில் ஜான் கால்ஸ்வொர்த்தியின் 'ஜஸ்டிஸ்' நாடகம் மேடையேறியது. அதில் ஒரு காட்சியில் வசனமே கிடையாது. தனிமைச் சிறையில் ஒருவன். நடக்கிறான், நிற்கிறான், காதைக் கூர்மையாக்கிக் கேட்கிறான். தூரத்தில் கதவை அடிக்கும் ஓசை. அது நெருங்கி நெருங்கி வர, அவனும் தன் கதவின்மேல் பாய்ந்து அடிக்கிறான். அவ்வளவுதான். அப்போது உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அந்த நாடகத்தைப் பார்த்தார். அவர் காலத்தில்தான் தனிமைச் சிறைக் காலம் குறைக்கப்பட்டது. நாடகம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், சீர்திருத்தம் கேட்டுப் பலர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அறிக்கையில் இருந்ததை அந்தக் காட்சி பார்க்கவைத்தது.

பிரிட்டனில் கிளை அஞ்சலகங்களை நடத்திய எளிய மனிதர்கள் கணக்கில் பணம் கையாடியதாக 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். தவறு செய்தது கணினி மென்பொருள். ஒரு கணினிப் பத்திரிகை 2009-லேயே இதை எழுதியது. 2019-ல் நீதிமன்றமே மென்பொருளில் பிழை என்று தீர்ப்பளித்தது. நாடு அசையவில்லை. 2024 ஜனவரியில் நான்கு இரவுகள் அது தொலைக்காட்சித் தொடராக ஓடியது. மே மாதத்துக்குள் தண்டனைகளை ரத்துசெய்யச் சட்டம் வந்துவிட்டது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பெஞ்ச் கிளார்க்காகவே வாழ்க்கையைக் கழித்தவனுக்கு ஒரு சங்கடமும் உண்டு. நீதிமன்றத் தீர்ப்புகளைச் சட்டமன்றம் மொத்தமாக அழிக்கும் நிலை வரக் கூடாது. நல்ல காரணத்துக்காக ஒருமுறை செய்ததை நாளை யாராவது கெட்ட காரணத்துக்காகக் கேட்கலாம்.

நம்மிடமும் இருக்கிறது. ஆட்டோ ஓட்டிய மு.சந்திரகுமார் குண்டூரில் பிடிபட்டு அடிபட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். 2015-ல் அது 'விசாரணை' ஆனது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு "ஒத்துக்கொண்டான்" என்ற சொல்லை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. இதே நாட்டில் அரசு கலையைக் கண்டு அஞ்சியதும் உண்டு. 1954-ல் சென்னை மாநிலத்தில் நாடகச் சட்டம் ஒன்று வந்தது; எம்.ஆர்.ராதாவை மனத்தில் வைத்தே கொண்டுவந்தார்கள் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். நாடகம் போடுகிறவர்கள் பிரதியை முன்கூட்டியே காட்ட வேண்டியிருந்தது. 2013-ல்தான் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. போலீஸை முழு நாயகனாகக் காட்டும் கதையை எழுதியவர்களுக்கு இப்படிப்பட்ட தொல்லை எதுவும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

உன் தயாரிப்பாளர் "நீதிமன்றம் என்றால் வாய்தா, வாய்தா என்று இழுக்கும், பார்ப்பவர்கள் தூங்கிவிடுவார்கள்" என்கிறார் என்றாய். அவர் ரிமாண்ட் பார்த்ததில்லை. கைதான 24 மணி நேரத்துக்குள் ஆளை நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். சில நாள் அது இரவில், நடுவரின் வீட்டு முன்னறையிலேயே நடக்கும். பையன் செருப்பில்லாமல் நிற்பான், சட்டையில் இரண்டு பொத்தான் இருக்காது, பின்னால் இரண்டு காவலர்கள். மருத்துவச் சான்றிதழில் "வெளிக்காயம் இல்லை" என்று இருக்கும். நடுவர் வரிசையாகக் கேட்பார்: பெயர் என்ன, தகப்பனார் பெயர் என்ன, எதற்காகக் கைது என்று சொன்னார்களா, வீட்டுக்குத் தகவல் போனதா, யாராவது அடித்தார்களா? "இல்லை அம்மா." இந்தப் பதிலை எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. நான் பணிபுரிந்த நீதிமன்றத்தில் இருந்த ஒரு பெண் நடுவர் மட்டும் அந்த இடத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டு, காவலர்களைப் பார்த்து "கொஞ்சம் வெளியே நில்லுங்கள்" என்பார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெளியே போவார்கள். பையனை நாற்காலியில் உட்காரச் சொல்லி, அதே கேள்வியை மறுபடி கேட்பார். பையனின் கண் முதலில் கதவுக்குப் போகும், அப்புறம் என்னிடம், அப்புறம்தான் அவரிடம். சிலர் அப்போதும் இல்லை என்பார்கள். சிலர் சட்டையைத் தூக்குவார்கள்.

துப்பாக்கிச் சூட்டை எடுத்துவிட்டு இதை ஆறாவது எபிசோடின் முடிவாக வை. உன் பையன் உண்மையிலேயே குற்றவாளியாக இருந்தாலும் வை. அப்படியிருந்தால்தான் காட்சிக்குப் பலம். இறந்த பெண்ணின் தாய்க்கு என்ன வழி என்று கேட்பாய். அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்று, குறுக்கு விசாரணையில் அவளை எப்படிக் குத்துகிறார்கள் என்று எழுது. அவளுக்கு நடப்பதும் அநீதிதான். ஆனால் அதைச் சரிசெய்யச் சாட்சிப் பாதுகாப்பு வேண்டும், வேகமான விசாரணை வேண்டும், கூடுதல் நீதிபதிகள் வேண்டும். ஏரிக்கரைத் தோட்டா அவளுக்கு எதையும் தராது. சரியான ஆளைத்தான் கொன்றார்களா என்ற சந்தேகம்கூட அவளோடு கடைசிவரை இருக்கலாம்.

அடுத்த மாதம் வரும்போது இரண்டு நாள் கூடுதலாக இரு. குற்றவியல் நீதிமன்றங்கள் பெரும்பாலும் யாரும் போய் உட்காரலாம் என்ற திறந்த நீதிமன்றங்கள்தான், பலருக்கு அது தெரிவதில்லை. காலை பத்தரைக்கு முன்னால் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவோம். கைப்பேசியை அணைத்துவை, நீதிபதி வரும்போது எழுந்து நில். நீதிமன்றச் சேவகரான டபேதார் பெயர் கூப்பிடுவதைக் கேட்டாலே உனக்குப் பாதி வசனம் கிடைத்துவிடும்.

அன்புடன்,
அப்பா