கண்ணாடியைக் கழற்றிய பிறகு

அன்பு மகள் செல்விக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

பார்வை குறைந்தவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அறிய, பார்வையை மங்கலாக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உங்கள் அலுவலகத்தில் மருந்துப் பெட்டிகளை வடிவமைப்பதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைவு. ஓவிய வகுப்பில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்படி நான் பிள்ளைகளிடம் சொல்லாத நாளில்லை. சுருக்கினால் இலையும் நரம்பும் மறைந்து, வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சும். ஆகவே உங்கள் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் ஒரு கவலை உண்டு.

அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன், உலகைத் தலைகீழாகக் காட்டும் வில்லைகளை ஒரு கண்ணில் பொருத்தி, மறு கண்ணை மூடிக்கொண்டு நாள்கணக்கில் வாழ்ந்து பார்த்து, அதை 1897-இல் எழுதினார். முதலில் கை போக வேண்டிய பக்கம் போகாமல் தடுமாறியது. நாள் செல்லச் செல்லத் தடுமாற்றம் குறைந்தது. பத்து நிமிடம் கண்ணாடி மாட்டும் உனக்குக் கிடைப்பது அந்த முதல் நாளின் தடுமாற்றம் மட்டுமே. குறைந்த பார்வையோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் பழகிக்கொண்ட வழிகள் அதில் தெரியா. அதோடு, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்கு முன்பே தெரியும்; மங்கலிலும் உன் நினைவு அதைப் படித்துவிடும்.

சிற்பி ராபர்ட் மோரிஸ் 1973-இல் கண்களை மூடி, விரல்களில் பென்சில் கரித்தூளைத் தடவிக்கொண்டு வரைந்தார். என்ன செய்ய முயன்றார் என்பதையும், மனத்தில் கணித்த நேரத்துக்கும் உண்மையில் ஆன நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் அதே தாளில் எழுதிவைத்தார். தன் பிழையை அளந்து படத்திலேயே விட்டுவைத்த அந்த நேர்மைக்காகவே அவரை நான் பெரிதும் மதிக்கிறேன். 1976-இல் அடுத்த ஓவிய வரிசையை, பிறவியிலேயே பார்வையற்ற ஒரு பெண்ணை வரையச் செய்து உருவாக்கினார். தான் கண்ணை மூடியதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை பார்.

பொங்கலுக்கு வரும்போது அந்தப் பெட்டிகளில் நான்கை எடுத்து வா. உன் பெரியம்மாவுக்குக் கண் அழுத்த நோயால் ஓரப்பார்வை போய்விட்டது; எது எந்த மாத்திரை என்பதை அட்டையின் ஓரத்தைத் தடவித்தான் அறிகிறார். அவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திரு. உதவ வேண்டாம். வேண்டிய மாத்திரையை எவ்வளவு நேரத்தில் எடுப்பார் என்று முதலில் நீ எழுதிக்கொள். பிறகு ஆன நேரத்தை அதன் பக்கத்தில் எழுது.

அன்புடன்,
அம்மா