ஆர்.வி.க்கு லைன் இழுக்கும் முன்

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். ரிட்டயர் ஆனதும் ஆர்.வி. (உள்ளேயே தங்கிக்கொண்டு பயணம் போகும் வீட்டு வண்டி) வாங்கி யெல்லோஸ்டோன் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்! படத்தில் வண்டியையும் உன் சிரிப்பையும் பார்த்து எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம்.

வீட்டோரம் நிறுத்தும் வண்டிக்கு மின்சார அவுட்லெட் போட ஆள் வருகிறார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் உடனே இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் வண்டியின் பிளக் மூன்று முள் உள்ள 30 ஆம்ப். டிடி-30 (TT-30) என்பார்கள். அது 120 வோல்ட்தான். ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த், அவ்வளவே. ஆனால் அமெரிக்க வீடுகளில் 30 ஆம்ப் என்றாலே துணி உலர்த்தும் டிரையர்தான் நினைவுக்கு வரும், அது 240. பழைய டிரையர் அவுட்லெட்டுக்கும் மூன்று ஓட்டைதான். அனுபவம் உள்ள எலெக்ட்ரீஷியன்கூடக் கைப்பழக்கத்தில் இரண்டு ஃபேஸையும் கொடுத்து 240 ஆக்கிவிடுவார். எங்கள் தெருவில் ஒருவருக்கு இதுதான் நடந்தது. பிளக்கைச் சொருகியதும் மைக்ரோவேவின் கடிகாரம் பளிச்சென்று எரிந்து அணைந்ததாம். பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் கன்வர்ட்டரில் கருகல் நாற்றம். நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் வேலை தொடங்கும் முன்பே "120 வோல்ட், சிங்கிள் போல் பிரேக்கர்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடு. வாயால் சொன்னால் போதாது. முடிந்ததும் பேனலை, அதாவது வீட்டின் பிரேக்கர் பெட்டியை, பார். இரண்டு பிடிகள் சேர்ந்த பிரேக்கர் தெரிந்தால் அது 240. வயர் 10 கேஜ் செம்பு. பேனலிலிருந்து வண்டி தள்ளி நிற்கும் என்றால் இன்னும் தடிமனான 8 கேஜ் போடச் சொல். வோல்டேஜ் இறங்கினால் முதலில் அடிவாங்குவது ஏ.சி. கம்ப்ரசர்தான். பெர்மிட் எடுப்பதில் சோம்பல் வேண்டாம், இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பது உனக்குத்தான் நல்லது.

அப்புறம், வண்டியை மாட்டும் முன் மல்டிமீட்டரால் நீயே அளந்து பார்த்துவிடு. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 120, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பூஜ்யம். எங்காவது 240 காட்டினால் பிளக்கைத் தொடாதே. நாமெல்லாம் 230 வோல்ட்டில் வளர்ந்தவர்கள். 240 என்ற எண்ணைப் பார்த்தால் நமக்குத் தப்பாகவே தோன்றாது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெரிய வண்டிகளுக்கான நான்கு முள் 50 ஆம்ப் வேறு கதை. அது நிஜமாகவே 120/240; 12,000 வாட் வரை தரும், உன்னுடையது 3,600. எப்படியும் பள்ளம் தோண்டத்தான் போகிறார்கள், பேனலில் இடமிருந்தால் அதற்கும் தனியாக ஒரு லைன் இழுத்து வைத்துவிடு என்பேன். நாளைக்கு மின்சாரக் கார் வாங்கினாலும் உதவும்.

ஆள் என்றைக்கு வருகிறார் என்று சொல். அளக்கும்போது போன் போடு, வீடியோவில் நானும் பார்க்கிறேன். செப்டம்பர் பயணத்துக்கு எங்களுக்கும் இரண்டு இடம் வைத்திரு.

அன்புடன்,
சேகர்