பொதுக்குழுவின் முன் செயலாளர் வாசித்த ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முதல் இன்று வரை சங்கம் செய்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொங்கல் விழா, சித்திரைத் திருநாள், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா மூன்றும் வழக்கம்போல் நடந்தன. வாடகை மண்டபத்தில் அடுப்பு மூட்ட அனுமதி இல்லாததால், பொங்கலை வீடுகளில் வைத்து எடுத்து வந்தோம். சர்க்கரைப் பொங்கல் முதல் பந்தியோடு தீர்ந்துவிட்டது என்ற புகார் செயற்குழுவில் பதிவாகியுள்ளது. கோடை விளையாட்டுப் போட்டியை மழை கொண்டுபோய்விட்டது.

மற்றவற்றை இத்தோடு விட்டு, விரிவாகச் சொல்ல வேண்டிய ஒன்றுக்கு வருகிறேன். அமெரிக்காவில் நாம் வாழும் இந்த ஜார்ஜியா மாநிலத்தின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலில் பட்டம் பெற்ற கறுப்பின மாணவர்களைப் போற்றிப் பிப்ரவரியில் நாம் நடத்திய நிகழ்ச்சியும், அதற்கு மறுவாரம் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஏதென்ஸ் நகருக்குப் போய்வந்ததும்தான் அது.

அறிவிப்பு வாட்ஸ்அப் குழுவில் போனதுமே, "தமிழ்ச் சங்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1946 முதல் இந்தியாவிலிருந்து இங்கே குடியேற ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் இடம். கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறிய அதே 1965இல்தான் அந்தக் கணக்கை ஒழித்த குடியேற்றச் சட்டமும் வந்தது. இந்த அறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள். அதைத் தெருவில் நின்று அடிவாங்கித் திறந்தவர்கள் வேறு ஆட்கள். கேள்வி கேட்ட உறுப்பினரே பின்னர் நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு நன்றி.

அடுத்த சிக்கல் செயற்குழுவிலேயே வந்தது. அழைப்பிதழில் யார் பெயரைப் போடுவது? ஹாமில்டன் ஹோம்ஸ், ஷார்லேன் ஹண்டர் என்று எல்லோரும் சொன்னோம். அவர்கள்தான் 1961 ஜனவரியில் முதலில் உள்ளே போன கறுப்பின மாணவர்கள். ஆனால் அவர்கள் பட்டம் பெற்றது 1963இல். அதற்கு முந்தைய ஆண்டே, 1962 ஆகஸ்ட் 16 அன்று, இசைக் கல்வியில் முதுகலைப் பட்டம் வாங்கி, அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினப் பட்டதாரி ஆனவர் மேரி ஃபிரான்சிஸ் எர்லி. சரி, மூவர் பெயரையும் போடுவோம் என்று முடிவானது. அப்புறம் துணைத் தலைவர், பட்டமே வாங்காத ஒருவரையும் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவர் சொன்ன பெயர் ஹொரேஸ் வார்டு. அன்று வாக்கெடுப்பு வரை போனது. துணைத் தலைவர் ஜெயித்ததில் செயலாளருக்கு மகிழ்ச்சிதான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வார்டின் கதையை நிகழ்ச்சியில் முதலில் வைத்தோம். 1950இல் ஜார்ஜியா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அப்போதே முதுகலை முடித்தவர். அன்றைக்கு மாநில அரசிடம் ஒரு வினோதமான ஏற்பாடு இருந்தது: கறுப்பின மாணவர் மேற்படிப்பு கேட்டால், வெளிமாநிலத்தில் போய்ப் படிக்கப் பண உதவி செய்யும். சொந்த ஊர்க் கல்லூரியில் சேராமல் இருப்பதற்கு உதவித்தொகை! வார்டுக்கும் அப்படிச் சொல்லிப் பார்த்தார்கள், அவர் மசியவில்லை. உடனே, விண்ணப்பிப்பவர்கள் பழைய மாணவர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி வர வேண்டும் என்று புது விதி போட்டார்கள். பழைய மாணவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, ஆனால் வேலை கச்சிதமாக நடந்தது. 1952இல் அவர் வழக்குப் போட்டார். 1953இல் ராணுவத்தில் சேர அழைப்பாணை வந்தது, வழக்கு நின்றது. திரும்பி வந்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கத் தொடங்கினார். வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி 1957இல் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள்.

ஆனால் வார்டு விடவில்லை. வக்கீலாக அட்லாண்டாவுக்குத் திரும்பி, ஹோம்ஸ், ஹண்டர் இருவருக்காகவும் அதே பல்கலைக்கழகத்தின் மீது நடந்த வழக்கில் டொனால்ட் ஹாலோவெல், கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி ஆகியோருடன் வாதாடும் அணியில் உட்கார்ந்தார். தன்னை வெளியே நிறுத்திய கதவை அடுத்தவருக்குத் திறந்துவிட்டார் என்று துணைத் தலைவர் சொன்னபோது, பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்த இளைஞர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். 1979இல் வார்டு ஜார்ஜியாவின் முதல் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதி ஆனார். 2014இல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. விண்ணப்பித்து 64 ஆண்டு கழித்து.

அடுத்து ஹோம்ஸ், ஹண்டர் கதையைத் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்கள் சொன்னார்கள். அட்லாண்டாவில் டர்னர் உயர்நிலைப் பள்ளியில் 1959இல் ஹோம்ஸ் முதல் மாணவர், ஹண்டர் மூன்றாவது. பல்கலைக்கழகம் அவர்களுக்குச் சொன்ன பதில், விடுதியில் இடமில்லை என்பது. நேர்முகத் தேர்வில் ஹோம்ஸிடம், போகக் கூடாத வீடுகளுக்குப் போனதுண்டா என்ற ரீதியில் கேள்வி கேட்டுவிட்டு, உண்மை பேசாதவர் என்று குறிப்பு எழுதி நிராகரித்தார்கள். எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் அந்த நேர்முகத்தைச் சிறு நாடகமாக நடித்துக் காட்டினார். பெற்றோர் சிலருக்கு அந்தக் கேள்வி சங்கடமாக இருந்ததாகப் பிறகு தெரிந்தது. செயலாளரின் கருத்தில், அந்தச் சங்கடம் வர வேண்டிய இடத்தில்தான் வந்தது.

1961 ஜனவரி 6 அன்று நீதிபதி வில்லியம் பூட்டில் தீர்ப்பளித்தார்: இருவரும் முழுத் தகுதி உள்ளவர்கள், நிறம் மட்டும் குறுக்கே நிற்காவிட்டால் எப்போதோ சேர்க்கப்பட்டிருப்பார்கள். 9ஆம் தேதி பதிவு செய்யப் போனார்கள். அன்றே தடை உத்தரவு வந்தது, அன்றே மேல்முறையீட்டு நீதிபதி எல்பர்ட் டட்டில் அதை நீக்கினார். 11ஆம் தேதி இரவு, ஜார்ஜியா டெக் அணியிடம் கூடைப்பந்தில் தோற்ற கையோடு ஒரு கூட்டம் ஹண்டர் தங்கியிருந்த மயர்ஸ் விடுதிக்கு முன் திரண்டது. கல்லும் பாட்டிலும் ஜன்னல்களை உடைத்தன. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. கடைசியில் யாரை வெளியேற்றினார்கள் தெரியுமா? கல்லெறிந்தவர்களை இல்லை, "உங்கள் பாதுகாப்புக்காக" என்று சொல்லி அந்த இருவரையும் இடைநீக்கம் செய்து, ராத்திரியோடு ராத்திரியாக அட்லாண்டாவுக்கு அனுப்பினார்கள். அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். நீதிபதி மறுபடி உத்தரவிட்டார். சில நாளில் இருவரும் வகுப்புக்குத் திரும்பினார்கள். கறுப்பின மாணவரைச் சேர்க்கும் கல்லூரிக்குப் பணத்தை நிறுத்தும் சட்டத்தையும் மாநிலச் சட்டமன்றம் அதே மாதத்தில் கைவிட்டது.

நிகழ்ச்சியில் எல்லோரையும் உலுக்கியது அந்த இரவின் ஒரு சின்னச் சம்பவம். கண்ணீர்ப்புகையால் படுக்கை விரிப்புகளை மாற்ற வேண்டி வந்த எரிச்சலில், விடுதிப் பெண் ஒருத்தி ஹண்டரை நோக்கி 25 சென்ட் நாணயத்தை எறிந்து, மேலே வந்து என் விரிப்பை மாற்று என்றாள். இதை ஹண்டரே எழுதியிருக்கிறார். வாசித்த மாணவி அந்த வரியோடு நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்துப் பேச வேண்டியவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஹண்டர் பின்னாளில் நியூயார்க் டைம்ஸிலும் பொதுத் தொலைக்காட்சியிலும் பணியாற்றிய புகழ்பெற்ற செய்தியாளர். ஹோம்ஸ் எமரி மருத்துவக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர், எலும்பு அறுவை மருத்துவர், கிரேடி மருத்துவமனையின் மருத்துவ இயக்குநர். 1995இல் 54 வயதில் காலமானார். கிரேடியில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர்கள் சிலருக்கே இது புதுச் செய்தி.

இனி எர்லி. என்னைப் பொறுத்தவரை நிகழ்ச்சியின் கனம் இவர் பகுதியில்தான் இருந்தது. இவரும் டர்னர் பள்ளியின் முதல் மாணவர்தான், 1953இல். அட்லாண்டா பள்ளியில் இசை ஆசிரியர். கோடை விடுமுறைகளில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தார், அங்கே ஒரு தொல்லையும் இல்லை. தன் பள்ளியிலிருந்து போன இரண்டு பிள்ளைகளுக்கு ஏதென்ஸில் நடந்ததைக் கேள்விப்பட்டு, அவர்கள் தனியாக இருக்கக் கூடாது என்று மிச்சிகனை விட்டுவிட்டு ஜார்ஜியாவுக்கு மாற்றிக்கொண்டார். நூலகப் படியில் மாணவர்கள் கைகோத்து நின்று வழிமறித்ததையும், சாப்பாட்டுக் கூடத்தில் எலுமிச்சைத் துண்டுகளை எறிந்ததையும் அவர் சொல்லியிருக்கிறார். கேமரா எதுவும் அவர் பின்னால் வரவில்லை. பட்டம் வாங்கினார், மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். 1981இல் ஜார்ஜியா இசை ஆசிரியர் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவர் ஆனார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தன் முதல் கறுப்பினப் பட்டதாரி யார் என்பதையே பல்கலைக்கழகம் ஏறத்தாழ 40 ஆண்டு மறந்திருந்தது. மேடைகளில் ஹோம்ஸ், ஹண்டர் பெயர்தான் ஒலித்தது. அவர்கள் மேல் குறையில்லை. வார்டின் வரலாற்றை எழுதிய பேராசிரியர் மாரிஸ் டேனியல்ஸ் போன்றவர்கள்தான் எர்லியை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2013இல் கௌரவ முனைவர் பட்டம். 2020இல் கல்வியியல் கல்லூரிக்கே அவர் பெயர்.

மறுவாரம் வேன் பிடித்து ஏதென்ஸ் போனோம். கால்பந்து சீசனில் சனிக்கிழமை அந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். பிப்ரவரி என்பதால் தப்பித்தோம். வளாக வாசலில் உள்ள இரும்பு வளைவின் அடியில் பட்டம் வாங்குமுன் நடந்தால் பட்டம் கிடைக்காது என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை. அங்கே படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இருவர் கவனமாகச் சுற்றிக்கொண்டு வந்தார்கள், பெரியவர்கள் தைரியமாக நடுவில் நடந்தோம். வளைவைத் தாண்டினால் ஹோம்ஸும் ஹண்டரும் பதிவு செய்த கட்டடம், 2001 முதல் ஹோம்ஸ்-ஹண்டர் கட்டடம். 1962இல் முதலாண்டு மாணவர்களாகச் சேர்ந்து பட்டம் முடித்த கறுப்பின மாணவர் மூவரின் பெயரில் 2022இல் திறந்த பிளாக்-டியாலோ-மில்லர் விடுதியையும் வெளியிலிருந்து பார்த்தோம்.

எர்லியின் பெயர் தாங்கிய கல்வியியல் கல்லூரி எங்கே இருக்கிறது என்று தேடிப் போனால், அது ஆடர்ஹோல்ட் ஹாலில் இருக்கிறது. ஆடர்ஹோல்ட் யார்? 1950 முதல் 1967 வரை பல்கலைக்கழகத்தின் தலைவர். வார்டை வெளியே நிறுத்தியது, ஹோம்ஸையும் ஹண்டரையும் எதிர்த்து வழக்காடியது எல்லாம் அவர் காலத்தில்தான். ஒரே கட்டடத்தில் அவர் பெயரும் எர்லி பெயரும்! பழைய பெயரை எடுத்துவிட வேண்டும் என்று சிலர், இரண்டும் இருக்கட்டும், பார்ப்பவர் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்று சிலர். வேன் வரும் வழியெல்லாம் விவாதம் ஓயவில்லை. இருக்கட்டும் என்பவர்கள் பக்கம் நான்.

திரும்பும் வழியில் ஒரு மாணவி, "அப்பா, நீங்களும் முதல் பட்டதாரிதானே?" என்று கேட்டாள். தமிழ்நாட்டு அரசின் முதல் பட்டதாரி சான்றிதழ் தயவில் பொறியியல் படித்த உறுப்பினர்கள் நம்மிடையே உண்டு. அந்த அப்பா சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "எனக்கு அரசாங்கம் ஃபீஸ் தள்ளுபடி பண்ணிச்சு. அவங்களுக்கு அரசாங்கமே எதிர்த்து நின்னுச்சு. ரெண்டையும் சேர்த்துப் பேசாதே."

நிகழ்ச்சியில் யாருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை. பொன்னாடை, நினைவுப் பரிசுக்கென ஒதுக்கிய தொகையில் இந்த வரலாறு குறித்த புத்தகங்களை வாங்கிப் பொது நூலகத்துக்குக் கொடுத்தோம். அறை தந்த நூலக ஊழியர்களுக்கும், நாடகம் பயிற்றுவித்த தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளுக்கும், இட்லி கொண்டுவந்த குடும்பங்களுக்கும் நன்றி. இம்முறை சட்னி போதுமானதாக இருந்தது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு பரிந்துரைகளை வைக்கிறது. ஒன்று, பக்கத்து மாநிலத்து அலபாமா பல்கலைக்கழகம் பற்றி இதேபோல் ஒரு நிகழ்ச்சி: 1956இல் சேர்ந்த சில நாளிலேயே வெளியேற்றப்பட்ட ஆத்தரின் லூசியும், 1965இல் அங்கே முதல் கறுப்பினப் பட்டதாரியான விவியன் மலோனும். இரண்டு, பொங்கலுக்கு அடுப்பு மூட்ட அனுமதிக்கும் மண்டபம். இரண்டாவதற்கு உறுப்பினர்களிடம் முகவரி இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் தரவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்