அந்த அணை நிலவரப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் தங்கம் விலைக்கும் வானிலைக்கும் பக்கத்தில் அணைகளின் நிலவரம் என்று ஒரு சின்னப் பெட்டி வருமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக அது ஒழுங்காக வருவதில்லை. முழுப்பக்க விளம்பரம் கிடைத்தால் பெட்டி காணாமல் போகிறது, சில நாள் வேறு பக்கத்துக்குப் போய்விடுகிறது, சில நாள் நீர்மட்டத்தை மட்டும் போட்டுவிட்டு நீர்வரத்தையும் வெளியேற்றத்தையும் விட்டுவிடுகிறீர்கள். இதற்காக உங்களுக்கு வேறு யாரும் புகார் அனுப்பியிருக்க மாட்டார்கள். எங்கள் பள்ளியில் மட்டும் பெட்டி வராத நாளில் ஒன்பதாம் வகுப்பு என்னைப் பிடித்துக்கொள்கிறது, "இன்னிக்கு நம்பர் எங்க டீச்சர்?" என்று.

நான் காவிரிக் கடைமடைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். சமூக அறிவியல் என்று ஒரே பாடமாகச் சொல்கிறார்களே தவிர வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் அதற்குள் இருக்கிறது. கணக்கு ஆசிரியர் மாறுதலில் போய், அந்த இடம் இன்னும் நிரம்பாததால் கணக்கும் இப்போது என் தலையில்தான். இத்தனை பாடத்துக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும், தனித்தனியாக டி.எல்.எம். (கற்பித்தல் துணைக்கருவி) செய்து வையுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள். செய்யாமல் இல்லை. தெர்மாகோல், சார்ட், சம்கி, பெவிகால் என்று சொந்தக் காசைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து நாடாளுமன்றக் கட்டடம் செய்கிறோம், எரிமலை செய்கிறோம், கண்காட்சிக்குக் கொண்டுபோய் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுகிறோம், அப்புறம் அது பீரோ மேல் ஏறிவிடுகிறது. பிள்ளைகள் தொட்டால் உடைந்துவிடும் என்று நாமே அதட்டவும் செய்கிறோம். பிள்ளை தொடக் கூடாத ஒரு பொருளுக்குக் கற்பித்தல் துணைக்கருவி என்று பெயர் வைத்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பாடநூலில் கியூஆர் கோடு இருக்கிறது, உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது, நல்ல வீடியோக்களும் இருக்கின்றன, அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வீடியோவில் எல்லாம் முடிந்த கதை. விடை முதலிலேயே ஆசிரியருக்குத் தெரியும், புத்தகத்துக்குத் தெரியும், முன்வரிசையில் டியூஷன் போகிற பிள்ளைக்கும் தெரியும். மேட்டூரின் நாளைய நீர்மட்டம் எனக்கும் தெரியாது. பிள்ளைகள் அதில் இப்படி விழுந்து கிடப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

நடைமுறை ரொம்ப எளிது. டீக்கடையில் முந்தின நாள் பேப்பரை வாங்கிக்கொள்கிறேன், அதனால் எங்களுக்கு எல்லாமே ஒரு நாள் தாமதம், பரவாயில்லை. பெட்டியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுவது ஒருவர் வேலை. கிராப் தாள்களைப் பக்கவாட்டில் ஒட்டிச் சேர்த்துச் சுவர் நீளத்துக்கு மாட்டியிருக்கிறோம், அதில் அன்றைய புள்ளியை வைப்பது இன்னொருவர் வேலை. அடுத்த புள்ளி எங்கே விழும் என்று வகுப்பே ஊகித்துச் சொல்ல வேண்டும், மிகக் கிட்டத்தில் சொன்னவர் மறுநாள் புள்ளி வைப்பார். மொத்தம் பத்து நிமிடம். செலவு கிராப் தாளுக்கு மட்டும்.

இனி இதில் எத்தனை பாடம் இருக்கிறது என்று பாருங்கள். பெட்டியில் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி என்று இருக்கும், இருப்பு டிஎம்சியில் இருக்கும். ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. அப்படியானால் வினாடிக்கு எத்தனை கனஅடி வீதம் நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி சேரும்? வகுத்துப் பார்த்தால் 11,574 வருகிறது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்த பிறகு அவர்களைக் கையில் பிடிக்க முடியாது. வரத்து 20,000, வெளியேற்றம் 10,000 என்றால் ஒரு நாளில் 0.86 டிஎம்சி ஏற வேண்டும், ஏறியிருக்கிறதா என்று மறுநாள் பெட்டியைப் பார்க்கிறார்கள். பல நாள் கணக்கு சரியாக வராது. ஏன் வரவில்லை? காலை 8 மணிக்கு எடுத்த அளவைத்தான் பேப்பரில் போடுகிறார்கள், அந்த நேரத்து வேகம் நாள் முழுக்க அப்படியே இருக்காது, ஆவியாவதும் உண்டு. சராசரி என்ற அத்தியாயத்தை நான் நடத்தும்போது கொட்டாவி விட்ட அதே வகுப்பு, இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பீரியடு முழுக்கச் சண்டை போட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்தது. மேட்டூரின் முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. 60 அடி தண்ணீர் நின்றால் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால் பெரியவர்கள்கூடப் பாதி என்றுதான் சொல்வார்கள். உண்மையில் சுமார் 25 டிஎம்சிதான், கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே. 100 அடியிலும் ஏறக்குறைய 65தான். காரணத்தைச் சொல்லித்தர வேண்டாம். காலித் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, மூடியை இறுக்கி, தலைகீழாக ஒரு டம்ளருக்குள் நிறுத்தி, ஒரு சின்ன மூடியால் அளந்து அளந்து தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு தடவையும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடச் சொன்னால் போதும். கீழே கோடுகள் தள்ளித் தள்ளி விழும், மேலே போகப் போக நெருங்கும். அணையின் அடி குறுகல், மேலே அகலம் என்பது கைக்கே புரிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் கூம்பின் கன அளவு வரும்போது, பாதி உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் என்று சூத்திரம் சொன்னால் அவர்கள் ஆச்சரியப்படுவதில்லை, "அப்ப மேட்டூர் கூம்பு மாதிரி அவ்வளவு குறுகல் இல்ல டீச்சர்" என்று திருப்பிச் சொல்கிறார்கள். இந்தப் பாட்டிலை எந்தக் கண்காட்சியிலும் வைத்தால் பரிசு கிடைக்காது, அது எனக்குத் தெரியும்.

குடிமையியலுக்கு வருகிறேன். காவிரி நீரைப் பங்கிட்டுக்கொள்ள 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 192 டிஎம்சியை 177.25 ஆகக் குறைத்தது. இவ்வளவையும் காலக்கோடாக எழுதிப்போட்டால் மனப்பாடம்தான். நான் அந்த 177.25இன் மாதவாரிக் கணக்கைக் கொடுக்கிறேன்: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22, நவம்பரில் 13.78, டிசம்பரில் 7.35, ஜனவரியில் 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் இரண்டரை. கூட்டிப் பாருங்கள் என்றால் தசமக் கூட்டல் பயிற்சி, பட்டை வரைபடம் போடுங்கள் என்றால் புள்ளியியல். ஏன் ஆகஸ்டில் அதிகம் என்று கேட்டால் தென்மேற்குப் பருவக்காற்று, குடகு மலை, சம்பா நாற்றங்கால் எல்லாம் தானாக வருகிறது. கர்நாடகம் விடுகிற தண்ணீரை எந்த இடத்தில் அளக்கிறார்கள் என்று கேட்டால் மாநில எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவை வரைபடத்தில் தேடுகிறார்கள். இப்படித் தேடி எடுத்த ஊரை எந்தப் பிள்ளையும் மறந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டி வீட்டுச் செய்தியும்கூட. 2022இல் மே 24ஆம் தேதியே அணையைத் திறந்தார்கள். 2023இல் வழக்கம்போல ஜூன் 12 திறந்து, வரத்து இல்லாமல் அக்டோபரில் மூடினார்கள், அந்த வருடம் பல வீட்டில் என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. 2024இல் ஜூன் 12 அன்று திறக்கவே முடியவில்லை. ஜூலை நடுவில்கூட 50 அடிக்குக் கீழேதான் இருந்தது, அப்புறம் பதினைந்தே நாளில் ஏறி ஜூலை 30ஆம் தேதி 120ஐத் தொட்டது. சாய்வு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுவரில் அந்த இரண்டு வாரத்தைக் காட்டினால் போதும், கோடு சுவர் ஏறுகிற பல்லிபோல நிற்கிறது. தண்ணீர் திறந்த பிறகு கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாளாகும், அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து எங்கள் வாய்க்காலுக்கு என்றைக்கு எட்டும் என்று தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்வேன். ஒவ்வொரு தாத்தாவும் ஒவ்வொரு நாள் சொல்வார். யார் சொன்னது சரி என்று வாய்க்கால் சொல்லிவிடும்.

எல்லா மாதமும் இது ஓடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 28க்குப் பிறகு பாசனத்துக்கு அணை மூடிவிட்டால் கோடு மெதுவாக இறங்கிக்கொண்டே போகும், பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விடும். அப்போது உங்கள் காய்கறி விலைப் பட்டியலுக்கு மாறிக்கொள்கிறோம். மற்ற ஊர்க்காரர்களுக்கு மேட்டூர் பிடிக்கவும் பிடிக்காது. மதுரை, தேனிப் பிள்ளைகளுக்கு வைகையின் 71 அடியும் முல்லைப் பெரியாறின் 142 அடியும்தான் ருசிக்கும் (அந்த 142க்குப் பின்னால் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, குடிமையியல் அங்கேயும் கிடைக்கும்), சென்னைப் பிள்ளைக்குச் செம்பரம்பாக்கத்தின் 24 அடி. ஈரோட்டுக்காரர்களுக்குப் பவானிசாகர்.

போர்ஷன் முடியாது, பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருக்கிறது என்று சக ஆசிரியர்கள் சொல்வது நியாயமான கவலை. அவர்களுக்கு என் பதில், கணக்கில் எட்டு மதிப்பெண் வரைபடக் கேள்விக்கு அளவுத்திட்டம் எடுக்கத் தெரியாமல் முழிக்கிற பிள்ளைகள் எங்கள் பள்ளியில் குறைந்திருக்கிறார்கள் என்பது. அதற்கு மேல் பெருமை பேச என்னிடம் ஒன்றுமில்லை. போனில் பார்த்துக்கொள்ளலாமே என்றும் கேட்கிறார்கள். என் போனை நான்தான் பார்க்க முடியும். ஒட்டி வைத்த துண்டுக் காகிதத்தை நாற்பது பேரும் புரட்டலாம், போன ஜூலையை இந்த ஜூலையோடு வைத்துப் பார்க்கலாம், ஒரு நாள் அச்சுப்பிழை வந்தால் கண்டுபிடிக்கவும் செய்யலாம். கண்டுபிடித்திருக்கிறார்கள், உங்களுக்கு எழுதச் சொல்லி நச்சரித்தார்கள், நான்தான் சமாதானம் செய்து வைத்தேன்.

கல்வித்துறைக்கும் இந்தக் கடிதம் வழியாக ஒரு வார்த்தை. பல பாடம் எடுக்கிற ஆசிரியரிடம் பாடத்துக்கு ஒரு மாடல் என்று கேட்காதீர்கள், ஒரே பொருளை எத்தனை பாடத்துக்கு, எத்தனை வகுப்புக்குப் பயன்படுத்தினாய் என்று கேளுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்தில் பிபிடி போட்டுக் காட்டுகிற நேரத்தில் ஒரு மணி நேரத்தை, அவரவர் வகுப்பில் பிள்ளைகள் கைபட்டுக் கசங்கிய பொருளைக் கொண்டுவந்து காட்டுவதற்கு ஒதுக்குங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பெட்டி தினமும், ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில் வரட்டும். நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம் நான்கும் இருக்கட்டும், தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்களை வெட்ட வேண்டாம், எங்கள் சண்டை முழுக்க அதில்தான். முடிந்தால் கடந்த ஆண்டு இதே நாளில் எவ்வளவு என்று ஒரு பத்தி சேருங்கள். விளம்பரம் வந்து இடமே இல்லை என்ற நாளில் மறுநாள் இரண்டு நாள் கணக்கையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், சுவரில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பட்டதாரி ஆசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
காவிரி டெல்டா