பிந்திய நன்றி: சுவைக் கரையில் சேறு அள்ளிய கைகளுக்கு

ஓமான் நாட்டின் சுவைக் பகுதி மக்களுக்கும், 2021 ஒக்டோபரில் அங்கு வந்து உதவிய தொண்டர்களுக்கும், அந்த மாதங்களில் என் குடும்பத்தைத் தாங்கிய புதுக்குடியிருப்புப் பகுதி உறவுகளுக்கும் பணிவான வணக்கம்.

இந்த மடலை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பியிருக்க வேண்டும். நான் சுவைக்கில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஷாஹீன் புயல் அடித்த இரவிலேயே, என் கைத்தொலைபேசியும் அதிலிருந்த இலக்கங்களும் தண்ணீரோடு போய்விட்டன. பலருடைய பெயரைக்கூட நான் சரியாகக் கேட்டு வைத்திருக்கவில்லை. ஆதலால் பொதுவில் எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு மேல் பிந்தியதற்கு என் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் எங்கள் வளவுக்குள் புகுந்து, வீட்டுக்குள் கணுக்கால் புதையச் சேற்றை விட்டுப்போன காலையில், மண்வெட்டியைக் கையில் எடுத்தபோதுதான் இந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்பது உறைத்தது.

வன்னியில் எங்களுக்கு மழை தெரியாத பொருள் அல்ல. ஆடி ஆவணியில் காய்ந்து வெடிக்கும் நிலம்தான் என்றாலும், ஐப்பசி கார்த்திகையில் வரும் தண்ணீரைக் குளங்கள் ஏந்திக்கொள்ளும். குளம் நிறைந்தால் வான் பாயும். அது எந்த வாய்க்கால் வழியே எந்த வயலுக்குப் போகும் என்பதைச் சிறுபிள்ளையும் சொல்லும். சுவைக் இருக்கும் பாத்தினாக் கரை அப்படிப்பட்டதல்ல. அங்கே ஓர் ஆண்டில் பெய்வது ஏறத்தாழ 100 மில்லிமீற்றர். மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வாதிகள், அதாவது அவர்களுடைய காட்டாறுகள், ஆண்டின் பெரும்பகுதியும் வெறும் மணலும் கல்லுமாகக் கிடக்கும். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் அவற்றில் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். வங்கக் கடலில் குலாப் என்ற பெயரோடு பிறந்து, செப்டெம்பர் 26 ஆம் திகதி ஆந்திரக் கரையில் ஏறி, இந்தியாவைக் குறுக்கறுத்து அரபிக் கடலில் இறங்கி மறுபடியும் உயிர்பெற்ற புயல், ஷாஹீன், அதாவது வல்லூறு, என்ற புதுப்பெயரோடு ஒக்டோபர் 3 ஆம் திகதி அந்தக் கரையில் மோதியது. 1890 க்குப் பிறகு அந்தப் பகுதி கண்ட முதற்புயல் அது. பக்கத்து ஊரான கபூராவில் மட்டும் 369 மில்லிமீற்றர் மழை பெய்தது. மூன்று ஆண்டுகளுக்கு உரிய தண்ணீர், அதை ஏந்த ஒரு குளமும் இல்லாத நிலத்தில் விழுந்தால் என்னவாகும் என்பதை வன்னியில் உள்ளவர்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நன்றி எங்கள் அறையிலிருந்த பங்களாதேஷ்காரருக்கு. பேரீச்சந்தோட்டத்தின் தாழ்ந்த மூலையில், நீர்ப்பம்பிக்கு அருகில் இருந்த அந்த அறையில் நாங்கள் ஐந்து பேர்: நானும் கிளிநொச்சியைச் சேர்ந்த ஒரு தம்பியும், மலையாளிகள் இருவரும், அவரும். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த அவர், காலையிலிருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் பொலித்தீன் பைக்குள் போட்டுத் தன் வயிற்றோடு கட்டிக்கொண்டு, பின்னேரம் நான்கு மணிக்கே அறையை விட்டு வெளியேற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வெள்ளம் பார்த்தவன் என்ற இறுமாப்பில் நான் சிரித்தேன். அண்ணை, அந்தச் சிரிப்புக்கு இப்போதாவது மன்னிப்புக் கேட்கிறேன். அன்றிரவு அந்த அறையின் சுவர் விழுந்தது. அதே புயலில் ருசைல் தொழிற்பேட்டையில் விடுதியின்மேல் மலைச்சரிவு விழுந்து ஆசியத் தொழிலாளர் இருவர் இறந்த செய்தியைப் பின்னர் அறிந்தபோது, என்னால் வெகுநேரம் ஒன்றும் பேச முடியவில்லை.

நாங்கள் வெளியேறி எங்கே போவது என்று தெரியாமல் வீதியில் நின்றபோது, எதிர்வீட்டு முதியவர் ரோர்ச் லைற்றோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். எங்களுக்கு அவர் வேலை தந்தவர் அல்லர். அதற்கு முன்பு சலாம் சொல்லுவதோடு சரி. அந்த வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஓர் அறைக்குள் ஒடுங்கிக்கொண்டு, முகம் தெரியாத ஆண்கள் ஐவருக்கு மேல்மாடி அறையை விட்டுத் தந்தார்கள். அவர்களுடைய வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும். விடியும்வரை கஹ்வா என்ற அரபுக் கோப்பியும் பேரீச்சம்பழமும் படி ஏறி வந்துகொண்டே இருந்தன. கீழே அவருடைய எலுமிச்சைகளும் வாழைகளும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

அங்கே வெள்ளம் எங்கள் ஊரில் போல நாட்கணக்கில் நின்று வடிவதில்லை. பாய்ந்து வருகிறது, பாய்ந்து போகிறது. போகும்போது வீட்டுக்குள் சேற்றை வைத்துவிட்டுப் போகிறது. அடுத்த நாளே வெயில் எறிக்கத் தொடங்கும். இரண்டு நாள் விட்டால் அந்தச் சேறு சீமெந்துபோல் இறுகி, அலவாங்கு போட்டுக் கிண்ட வேண்டியதாகிவிடும். "ஈரம் இருக்கும்போதே அள்ளு" என்று முதியவர் அரபியிலும் கையாலும் சொன்னார். ஆனால் ஓர் ஊர் முழுவதும் சேறாகிவிட்டால் அள்ளுவதற்கு ஆட்கள் எங்கே?

ஒக்டோபர் 8, வெள்ளிக்கிழமை, அவர்கள் வந்தார்கள். மஸ்கட்டிலிருந்தும் மலைப்பக்கத்து ஊர்களிலிருந்தும் பஸ்களிலும் பிக்கப் வண்டிகளிலும் மண்வெட்டி, தள்ளுகட்டை, நீர்ப்பம்பி, தண்ணீர் பவுசர் சகிதம் ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். தெற்கே ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சலாலாவிலிருந்தும் ஒரு கூட்டம் வந்தது. 2018 மே மாதம் மெகுனு புயலில் அடிபட்டவர்கள் என்பதால் எதை முதலில் செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வீடுகளை முடித்துவிட்டு அவர்கள் தோட்டத்துக்குள்ளும் வந்து, விழுந்த சுவரைப் பார்த்து, இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். வெள்ளை அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கள் பாய், பானை, சட்டைகளைச் சேற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவித் தந்தார்கள். வரிசையில் நின்று உலர் உணவுப் பொதி வாங்கும் முறையை வன்னியில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பொதிகளால்தான் பல காலம் உயிர் வாழ்ந்தோம் என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் என் ஊத்தைச் சட்டையை ஒரு பெடியன், ஒரு கையொப்பமும் கேட்காமல், குந்தியிருந்து அலசித் தந்தது எனக்கு வேறு விதமாகப் பட்டது.

இனி என் ஊருக்கு. புயலுக்குப் பிறகு ஐந்து நாள் என்னிடமிருந்து செய்தி இல்லை. தகவல் இல்லாத நாட்களை எண்ணிப் பழகிய மண் இது. அந்த ஐந்து இரவும் என் மனைவியைத் தனியே விடாமல் மாறி மாறி வந்து படுத்த அக்காமாருக்கும், வற்றாப்பளை அம்மனுக்கு எனக்காக நேர்ந்துகொண்ட சின்னம்மாவுக்கும் என் நன்றி. அடுத்த மூன்று மாதங்கள் சம்பளம் வரவில்லை. அந்தக் கதையை இங்கே எழுதப் போவதில்லை. இரசாயன உரம் கிடைக்காத காலபோகம் அது. தங்கள் வயலுக்கே மாட்டெரு தேடித் திரிந்த கமக்காரர்கள், என் இரண்டு ஏக்கரையும் தரிசாக விடாமல் உழுது விதைத்தார்கள். உழவு இயந்திரக் கூலியைப் பிறகு நான் கொடுத்தபோது பாதியைத்தான் வாங்கினார்கள். கடன் கொப்பியில் எங்கள் பக்கம் நிரம்பிய பிறகும் மனைவி கேட்குமுன்பே அரிசியையும் பிள்ளைக்குப் பால்மாவையும் எடுத்து வைத்த கடைக்காரருக்கும் கடமைப்பட்டுள்ளேன்.

டித்வா என்பது யேமன் நாடு கொடுத்த பெயர் என்றும், சொகோத்ராத் தீவிலுள்ள ஒரு கடல்நீரேரியின் பெயர் என்றும் மகன் வாசித்துச் சொன்னான். எங்கள் கடலில் பிறந்தது உங்களிடம் வந்தது. உங்கள் பக்கத்துப் பெயர் எங்களிடம் வந்தது. வெள்ளம் வடிந்த அன்றே, என் வீட்டை அரைகுறையாக விட்டுவிட்டு, ஒழுங்கையில் தனியே இருக்கும் ஆச்சியின் வீட்டுக்கு மகனையும் அவனுடைய நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போனேன். ஈரம் இருக்கும்போதே அள்ளச் சொன்னேன். இதை எங்கே பழகினாய் என்று ஆச்சி கேட்டார்.

சுவைக்கில் இன்னும் வேலை செய்யும் நம்மவர் யாராவது இதைப் படித்தால், பேரீச்சந்தோட்டத்துக்கு எதிரேயுள்ள அந்த வீட்டு முதியவருக்கு அரபியில் சொல்லிவிடுங்கள். நான் புறப்பட்ட அன்று, வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை அறிவிக்க வேண்டும் என்று தன் இலக்கத்தைக் காகிதத்தில் எழுதி என் சட்டைப்பையில் வைத்தார். வழியில் அதையும் தொலைத்துவிட்டேன். 2022 மார்ச் மாதம் வீடு வந்து சேர்ந்தேன், ஐயா. சுகமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மேல்மாடியில் படுத்திருந்த ஐவரில் ஒருவன்,
புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு மாவட்டம்.